தாய்க்கும் ஒரு கட்டில்!

மாதம் நிறையுமுன் பிறந்துவிட்ட மகவுக்கு இந்நாளில் எல்லாம் உண்டு. உடற்சூடு குறையாமல் காக்க வெப்ப விளக்கு உண்டு. மூச்சு நின்றுவிடாமல் துணைபுரியக் குழாய் உண்டு. இதயத் துடிப்பை எண்ணிக் காட்டும் கருவி உண்டு. துடிப்பு தளர்ந்தால் அலறும் மணி உண்டு. மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கு உண்டு. இல்லாதது ஒன்றே ஒன்று. அந்த மகவைப் பெற்றவள்!

அவள் எங்கே? கதவுக்கு வெளியே, தாழ்வாரத்தில், சுவரோரம் உட்கார்ந்திருக்கிறாள். கூப்பிட்டால் பாலைப் பிழிந்து கிண்ணத்தில் கொடுத்துவிட்டு மறுபடியும் வெளியே வந்துவிடுகிறாள். எந்த ஓர் ஆஸ்பத்திரியையும் சுட்டிக்காட்டி நாம் இதைச் சொல்லவில்லை. நூறாண்டுக்கு மேலாக உலகமெங்கும் நிலவிவந்த வழக்கம் இது. "கிருமி வரும், இடைஞ்சல் வரும், இயந்திரம் பார்த்துக்கொள்ளும், நீ வெளியே இரு அம்மா!" — இதுதான் அந்த வழக்கத்தின் வாசகம்.

அந்த வாசகம் தவறு என்று விஞ்ஞானம் தீர்ப்பளித்துவிட்டது. தீர்ப்பு வந்த பிறகும் பல இடங்களில் கதவு திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? திறந்தாலும், காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் தறியை நம்பி வாழும் வீட்டுப் பெண், உள்ளே போய் நாள் முழுதும் உட்கார முடியுமா? இந்த இரண்டு கேள்விகளையும் தோழர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

"இது பெண்கள் சமாசாரம், டாக்டர்கள் சமாசாரம். கட்சித் தோழனுக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்கத் தோன்றும். சற்றுப் பொறுத்துப் படியுங்கள். கூலியும் நேரமும் குழந்தையின் உயிரோடு எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பது விளங்கும்.

எண்ணிக்கை சொல்லும் கதை

37 வாரம் நிறையுமுன் பிறப்பதைக் குறைப்பிரசவம் என்கிறோம். 2020ஆம் ஆண்டில் உலகில் அப்படிப் பிறந்தவை ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம். அவற்றில் 30 லட்சம் நம் இந்தியத் துணைக்கண்டத்தின் பெருநாடாம் இந்தியாவில் மட்டும் பிறந்தவை. ஐந்தில் ஒன்றுக்கும் மேல்!

தமிழ்நாடு இந்தத் துறையில் தலைகுனிய வேண்டிய நாடல்ல. 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி, உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு முடியுமுன் இறந்தவை இந்தியா முழுதும் 28, தமிழகத்தில் 13. பெருமைதான். ஆனால் அந்த 13இல் 9 முதல் 28 நாட்களுக்குள் மறைந்தவை. நாம் பிழைக்க வைக்கத் தவறும் குழந்தைகளில் பெரும்பாலானவை பிறந்த மாதத்திலேயே போய்விடுகின்றன என்பது இதன் பொருள். 2014 நவம்பரில் தருமபுரி சர்க்கார் ஆஸ்பத்திரியில் சில நாட்களுக்குள் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து மடிந்தபோது நாடே துடித்தது. எடைக் குறைவு, குறைமாதம் என்று அன்று காரணம் சொன்னார்கள். காரணம் சொல்வது எளிது. அந்தக் காரணத்தை வெல்லும் வழி என்ன என்பதல்லவா கேள்வி!

ஊரிலே ஒரு பேச்சு உண்டு: "ஏழாம் மாதத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது." தலைமுறை தலைமுறையாகச் சொல்லி, எத்தனையோ தாய்மார்களின் நெஞ்சில் நெருப்பை அள்ளிக் கொட்டிய பேச்சு. இது முழுப் பொய். வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் நுரையீரலுக்கு ஒரு வாரப் பலம். எட்டாம் மாதத்துப் பிள்ளை ஏழாம் மாதத்துப் பிள்ளையைவிடப் பிழைக்கும் வாய்ப்பு மிகுந்தது. விதி என்று சொல்லி விட்டுவிட இதில் ஏதுமில்லை.

ஐந்து நாடுகளின் சாட்சி

வெல்லும் வழி என்ன? 2017 முதல் 2020 தொடக்கம் வரை கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா, இந்தியா ஆகிய ஐந்து நாடுகளில் உலகச் சுகாதார அமைப்பு ஒரு சோதனை நடத்திற்று. இந்தியாவில் அது நடந்த இடம் டில்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரி. பிறக்கும்போது 1 கிலோவுக்குக் குறையாமலும் 1.8 கிலோவை எட்டாமலும் இருந்த 3,211 குழந்தைகள். அவர்களை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு அதுநாள்வரை இருந்த வழக்கம்: குழந்தை உடல்நிலை தேறும்வரை இயந்திரத்தில், தேறிய பிறகே தாயின் கையில். மற்றொரு பிரிவில், பிறந்த கையோடு குழந்தையைத் தாயின் மார்பில், தோலோடு தோல் படியச் சேர்த்துக் கட்டினர். மூச்சுக் குழாயும் மருந்தும் கருவியும் அங்கேயும் இருந்தன. இயந்திரத்தை விலக்கவில்லை; தாயை உள்ளே சேர்த்தார்கள். குழந்தைக்கு அருகிலேயே தாய்க்கும் ஒரு கட்டில் போட்டார்கள். அவ்வளவுதான்!

முன்னதில் முதல் சில நாட்கள் தாயின் மார்பில் குழந்தை இருந்தது நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம். பின்னதில் ஏறத்தாழ 17 மணி நேரம். பலன்? 28 நாட்களுக்குள் இறந்தவை, வழக்கமான பிரிவில் நூற்றுக்கு ஏறத்தாழ 16; தாயோடு இருந்த பிரிவில் 12. இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. சோதனையை முடிவுவரை நடத்தி, பாதிக் குழந்தைகளுக்கு இந்த நன்மையை மறுப்பது நியாயமல்ல என்று, மேற்பார்வைக் குழு 2020 ஜனவரியில் இடையிலேயே நிறுத்தச் சொல்லிற்று. முடிவுகள் 2021 மே மாதம் வெளிவந்தன. 2022 நவம்பரில் உலகச் சுகாதார அமைப்பு தன் விதியையே திருத்தி, பிறந்த உடனே தாயின் மார்பில் சேர்ப்பதைத் தொடங்குக என்று பரிந்துரைத்தது.

மாத்திரை ஒன்று கண்டுபிடித்து, அது சாவை நான்கில் ஒரு பங்கு குறைக்கிறது என்றால் என்ன நடந்திருக்கும்? விளம்பரம் பறந்திருக்கும், பங்கு விலை ஏறியிருக்கும், ஒரு மாத்திரை ஆயிரம் ரூபாய் என்று விற்றிருப்பார்கள். இந்த மருந்துக்கு முதலாளி இல்லை. ஆகவே முரசு கொட்டுவாரும் இல்லை!

காட்சிக்கு வைத்த காலம்

தாய் எப்படி வெளியே போனாள் என்பது தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு. பிரெஞ்சு நாட்டில் வெப்பப் பெட்டி புழக்கத்துக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில். அமெரிக்காவில் கோனி தீவு என்ற கேளிக்கைத் திடலில் 1903 முதல் 1943 வரை மார்ட்டின் கூனி என்பவர் குறைமாதக் குழந்தைகளைப் பெட்டிகளில் வைத்துக் காட்சி நடத்தினார். நுழைவுச் சீட்டு 25 சென்ட்! அந்தப் பணத்தில்தான் குழந்தைகளுக்கு வைத்தியம். பெற்றோரிடம் அவர் காசு வாங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிகள் கைவிட்ட குழந்தைகளை, ராட்டினத்துக்குப் பக்கத்தில் வேடிக்கை காட்டிக் காப்பாற்ற வேண்டியிருந்தது. பணக்கார நாட்டின் இலட்சணம் அது!

பெட்டி உயிர்களைக் காத்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் பெட்டியும் கண்ணாடியும் நடுவே நின்றன. பாரிசு நகரத்து டாக்டர் பியர் புதான் 1900ஆம் ஆண்டிலேயே எச்சரித்தார்: பிரித்து வைக்கப்பட்ட தாய்க்குக் குழந்தைமீது பற்று தளர்ந்துபோகிறது என்று. கேட்பார் இல்லை. கதவுகள் மேலும் இறுகின.

கதவைத் திறந்தது பஞ்சம். தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் தலைநகர் பொகோட்டா. 1978–79இல் அங்கே ஏழைகளின் மகப்பேறு ஆஸ்பத்திரியில் ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளை அடுக்க வேண்டிய நெருக்கடி. ஒன்றின் நோய் மற்றொன்றுக்குத் தொற்றிற்று. டாக்டர் எட்கர் ரே, டாக்டர் எக்டர் மார்ட்டினெசு இருவரும் குழந்தையைத் தாயின் மார்பில் கட்டிவிட்டனர். குட்டியை மடிப்பையில் சுமக்கும் கங்காருவின் பெயர் அந்த முறைக்கு வந்தது. அதே 1979இல், எஸ்தோனியாவின் தாலின் நகரில் தாதியர் போதாமையால் டாக்டர் ஆதிக் லெவின் தாய்மார்களை இரவும் பகலும் குழந்தையோடு தங்கவைத்தார். இல்லாமையில் பிறந்த இந்த வழக்கத்தை இன்று சுவீடன் போன்ற செல்வ நாடுகள் தங்கள் ஆஸ்பத்திரிகளில் கைக்கொண்டிருக்கின்றன.

வலி தெரியாதாம்!

மார்புச் சூட்டுக்கு இத்தனை சக்தி எங்கிருந்து வந்தது? சூடு, தாய்ப்பால், தொற்றுக் குறைவு ஆகியவை கண்ணுக்குத் தெரியும் காரணங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் குருதியில் ஓடுகிறது.

சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் ஒரு சுரப்பி. ஆபத்து வந்தால், வலி வந்தால், பயம் வந்தால் அது கார்ட்டிசால் என்னும் நீரைச் சுரக்கிறது. தடியடிக்கு நடுவே நிற்கும் தொழிலாளிக்கும் அது சுரக்கும்; ஓடவும் தாங்கவும் பலம் தரும். ஆபத்து நீங்கியதும் அடங்கிவிடும். அடங்காமல் நாள்தோறும் சுரந்துகொண்டே இருந்தால்? வளர்ந்த உடலையே அது தேய்க்கும் என்றால், இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் மூளையை என்ன செய்யும்?

பச்சிளங்குழந்தைக்கு வலி தெரியாது என்று 1980கள் வரை பெரும் டாக்டர்களே நம்பினார்கள். போதிய மயக்க மருந்து இல்லாமலே அறுவை செய்தார்கள்! அந்த நம்பிக்கையை உடைத்தவர் இந்தூர் மருத்துவக் கல்லூரியில் படித்து ஆக்சுபோர்டுக்குச் சென்ற நம் நாட்டவர், டாக்டர் கன்வல்ஜித் ஆனந்த். குறைமாதக் குழந்தைகளுக்கு அறுவையின்போது தக்க வலி மருந்து கொடுத்தால், குருதியில் அழுத்தச் சுரப்புகள் பெருகுவது குறைகிறது, பின்விளைவுகளும் குறைகின்றன என்று 1987இல் தம் கூட்டாளிகளோடு மெய்ப்பித்தார். குழந்தையால் வாய் திறந்து சொல்ல முடியவில்லை. அதன் குருதி சாட்சி சொல்லிற்று!

அறுவை மட்டுமா வலி? 2008இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, பாரிசு வட்டாரத்தில் தீவிர சிகிச்சையில் இருந்த 430 குழந்தைகளைக் கணக்கெடுத்தது. குத்துவது, உறிஞ்சுவது, ஒட்டியதைப் பிய்ப்பது என வலியோ துன்பமோ தரும் செயல்கள் நாளொன்றுக்குப் பதினாறு அளவில் நடந்தன. வலி தந்தவற்றில் ஐந்தில் நான்கு, வலியைத் தணிக்கத் தனி ஏற்பாடு எதுவும் இன்றியே நடந்தன.

குதிகாலில் ஊசி குத்தும்போது குழந்தை தாயின் மார்பில் இருந்தால் அழுகை குறைகிறது. துடிப்பு விரைவில் அடங்குகிறது. கார்ட்டிசாலும் தணிவதைப் பல ஆய்வுகள் கண்டன. எல்லா ஆய்வுகளிலும் ஒரே அளவில் அல்ல என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அதே வேளையில் தாயின் உடலில் ஆக்சிடோசின் என்ற மற்றொரு நீர் பெருகுகிறது. பால் சுரக்கத் துணைசெய்வது அது. பற்றை வளர்ப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. "தாய்ப்பாசம்" என்று நாம் மேடையில் சொல்கிறோமே, அதற்கு உடலிலும் ஓர் ஊற்று உண்டு. அந்த ஊற்று தொட்டால் பெருகும். தொடவிடாமல் தடுத்தால் வற்றும்.

இந்த நன்மை ஆஸ்பத்திரி வாசலோடு முடிவதில்லை. இசுரேலில் குறைமாதக் குழந்தைகளை நாளுக்கு ஒரு மணி, 14 நாள் மட்டும் தாயின் மார்பில் வைத்தனர். பத்து வயதில் பார்த்தபோது, அப்படி அணைக்கப்படாத பிள்ளைகளைவிட அவர்கள் அமைதியாக உறங்கினர். நெருக்கடியில் கார்ட்டிசால் சீராக இருந்தது. 2014இல் வெளிவந்த ஆய்வு இது. பொகோட்டாவில் 1990களில் இம்முறையில் வளர்ந்தவர்களை இருபது ஆண்டு கழித்துத் தேடிப் பிடித்தனர். பள்ளிக்கு மட்டம் போட்டது குறைவு, முரட்டுத்தனம் குறைவு, வேலைக்குப் போனவர்களுக்கு மணிக்கூலி அதிகம்! 2017இல் வந்த செய்தி. தொழிலாளித் தோழர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

தாதியின் கை

இதையெல்லாம் செய்துவைப்பவர் யார்? டாக்டர் வந்து பார்த்துப் போவார். இருபத்துநான்கு மணி நேரமும் நிற்பவர் தாதி.

குழந்தையை மார்பில் "போட்டால்" போதாது. நிமிர்த்தி, தவளைபோல் கைகால் மடக்கி, மூச்சுக்குழல் மடங்காமல் தலையை ஒரு பக்கம் திருப்பி, குல்லாய் போட்டு, துணியால் இறுக்கமும் தளர்ச்சியும் இல்லாமல் கட்ட வேண்டும். குழாய்களும் கம்பிகளும் இழுபடக் கூடாது. அறுவையின் வலியோடு கிடக்கும் தாய்க்கு அச்சத்தைப் போக்க வேண்டும். உறிஞ்சத் தெரியாத வாய்க்குப் பாலாடையால் சொட்டுச் சொட்டாகப் புகட்டக் கற்றுத்தர வேண்டும். ஆம் தோழர்களே, நம் பாட்டிமார் கையிலிருந்த அதே பாலாடைதான்! அந்தத் தமிழ்ப் பெயரோடேயே அது இன்று மருத்துவ நூல்களில் இடம்பெற்றிருக்கிறது.

இத்தனைக்கும் தாதிக்கு நேரம் வேண்டும். சிறப்புப் பிரிவில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு ஒரு தாதி, ஒவ்வொரு முறைக்கும் இருக்க வேண்டும் என்கிறது மத்திய சர்க்காரின் வழிகாட்டி நெறி. ஒரு தாதியின் தலையில் எட்டும் பத்தும் விழுந்தால் என்ன நடக்கும்? கருவியின் அலறலுக்கு ஓடவே பொழுது போதாது. தாயை உள்ளே அழைத்து உட்காரவைக்கப் பொழுது ஏது? "வெளியே இரு அம்மா" என்ற சொல் பல வேளைகளில் கல்நெஞ்சத்தின் குரலாக இருப்பதில்லை. கை போதாதவரின் குரல் அது.

தமிழகத்தில் 2015இல் தேர்வெழுதித் தேறி வந்த தாதியருக்கு மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியம் தரப்பட்டது. நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டதை நாடு கண்டது. அன்று அவர்கள் கேட்டதைத் தம் வயிற்றுக்காக மட்டும் கேட்டார்கள் என்று எண்ணுவோர் ஏமாளிகள். குழந்தையின் குருதியில் கார்ட்டிசால் ஏறுவதும் இறங்குவதும் தாதியின் ஓய்வோடும் ஊதியத்தோடும் பிணைந்தது. எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

தறிக்குழியில் ஒரு கேள்வி

இனி நம் ஊருக்கு வருவோம். காஞ்சிபுரம்! கோயில்களாலும் பட்டாலும் உலகறிந்த ஊர். கோர்வைச் சேலை என்றால் என்ன என்று இவ்வூர் நெசவாளிக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். இரண்டின் ஊடையையும் ஒவ்வொரு வரியிலும் ஒன்றோடொன்று கோத்து வாங்கினால்தான் சேலை. ஒரு வரி விட்டாலும் கரை பிரியும். பிறகு எத்தனை ஜரிகை போட்டாலும் ஒட்டாது. தாயும் குழந்தையும் அப்படித்தான். முதல் நாட்களின் வரியை விட்டுவிட்டுப் பிறகு சேர்ப்பது முடியாததல்ல. ஆனால் பாடு அதிகம்.

அந்தக் கோர்வைத் தறிக்கு இருவர் வேண்டும். ஒருவர் குழியில் அமர்ந்து மிதித்து நெய்ய, மற்றவர் பக்கத்தில் இருந்து மறுகரை நாடாவை வாங்கித் தர வேண்டும். பல வீடுகளில் அந்த இருவர் கணவனும் மனைவியுமே. தார் சுற்றுவதும் அவளே. சேலை முடிந்தால்தான் கூலி. பாவும் ஜரிகையும் கொடுத்தவரிடம் முன்பணக் கடன் வேறு.

இந்த வீட்டில் ஒன்றரைக் கிலோவில் ஒரு குழந்தை பிறக்கிறது என்று வையுங்கள். வாரக்கணக்கில் ஆஸ்பத்திரி. நிலைமை மோசமானால் செங்கற்பட்டு, அல்லது சென்னை எழும்பூர். நாளுக்கு 17 மணி நேரம் மார்பில் வைத்திரு என்கிறது விஞ்ஞானம். வைத்திருக்க அவள் தயார்! ஆனால் அவள் எழுந்துபோனால் தறி நிற்கிறது. துணைக்கு அவனும் போனால் அடுப்பும் நிற்கிறது. மூத்த பிள்ளை இருந்தால் அதற்குச் சோறு யார் வடிப்பது? மருந்து இலவசம்; அதை உட்கொள்ளும் நேரத்துக்குத்தான் விலை. அந்த விலையை ஏழை தன் கூலியால் கட்ட வேண்டியிருக்கிறது. கட்ட முடியாதவன் குழந்தையின் சூட்டால் கட்டுகிறான்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1961இல் வந்த மகப்பேற்றுச் சட்டத்தை 2017இல் திருத்தி, 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்றார்கள். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிலையங்களுக்கே அது பொருந்தும். சொந்த வீட்டுத் தறியில் பிறருக்கு நெய்பவளை அது எட்டிப் பார்ப்பதில்லை. தமிழக சர்க்கார் ஊழியரான பெண்களுக்கு 2021 முதல் 12 மாத விடுப்பு. வரவேற்கிறோம், வாழ்த்துகிறோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் ஏழைத் தாய்மார்களுக்கு 18,000 ரூபாய் மதிப்பில் பணமும் சத்துணவும் தவணையாக வருகின்றன. நல்ல திட்டம். ஆனால் நிறைமாதப் பேற்றுக்கும் குறைமாதப் பேற்றுக்கும் அதே தொகை. ஆஸ்பத்திரியில் கழியும் ஒவ்வொரு நாளின் கூலிக்கு அதில் கணக்கு இல்லை.

சிலர் எழுப்பும் தடைகள்

"படிப்பறிவில்லாத தாயை உள்ளே விட்டால் கிருமி வராதா?" என்பார்கள். ஐந்து நாட்டுச் சோதனை இதற்குப் பதில் சொல்கிறது: தாயோடு இருந்த பிரிவில்தான் தொற்று குறைவு. டில்லி ராம் மனோகர் லோகியா ஆஸ்பத்திரியில் பெற்றோருக்குக் கைகழுவவும் குழந்தையைப் பேணவும் கற்றுத்தந்து உள்ளே விட்டார்கள். தொற்று கூடவில்லை, தாய்ப்பால் பெற்ற குழந்தைகளே கூடினர். அந்த அனுபவத்தையொட்டி 2017இல் மத்திய சர்க்காரே வழிகாட்டி நெறி வெளியிட்டது. காகிதத்தில் கதவு திறந்தாகிவிட்டது. திறக்க வேண்டியது சுவரில் இருக்கும் கதவு.

"இயந்திரம் வாங்கப் பணமில்லாதவர்கள் ஏழைக்குக் காட்டும் மலிவு வைத்தியம் இது" என்று வேறு சிலர் ஐயுறுவார்கள். நியாயமான ஐயம், விழிப்பாக இருக்க வேண்டிய இடமும் கூட. தாயைக் காட்டி இயந்திரத்தை மறுக்கும் சர்க்காரை நாம் எதிர்ப்போம். இயந்திரத்தைக் காட்டித் தாயை மறுக்கும் வழக்கத்தையும் எதிர்ப்போம். இரண்டும் வேண்டும் என்பதே நம் கட்சி.

"ஆண்பிள்ளைக்கு இதில் என்ன வேலை?" இதுதான் நம் தோழர்களிடமிருந்தே வரும் தடை. தீட்டு என்றும் கூச்சம் என்றும் ஒதுங்கி, வாசலில் பீடி புகைத்து நிற்கும் தந்தைமார்களே! தாய் அறுவை முடிந்து கிடக்கும்போது, அந்தக் குழந்தைக்குச் சூடு தர உங்கள் மார்பு போதும். குளித்து, கைகழுவி, பீடியை ஒழித்துவிட்டு, சட்டையைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். தந்தை அணைத்தாலும் ஆக்சிடோசின் பெருகுவதை ஆய்வாளர் அளந்து பார்த்திருக்கிறார்கள். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் 1,300 ஆண்டுகளுக்கு முன் பல்லவர் காலச் சிற்பி செதுக்கிய சோமாஸ்கந்தர் வடிவத்தைப் பாருங்கள்: தாய் ஒருபுறம், தந்தை ஒருபுறம், நடுவே குழந்தை. கல்லில் சேர்த்து வைத்தவர்களின் பேரர்கள் ஆஸ்பத்திரியில் பிரித்து வைப்பதா?

நாம் கேட்பவை

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. ஒன்று: பச்சிளங்குழந்தைச் சிறப்புப் பிரிவு எங்கெல்லாம் உண்டோ, அங்கெல்லாம் குழந்தையின் அருகே தாய்க்கும் ஒரு கட்டில், அவளுக்கு உணவு, குளிக்க இடம், கழிவறை. இரண்டு: நெறி சொல்லும் எண்ணிக்கையில் தாதியர், நிரந்தரப் பணியில், நிறைந்த ஊதியத்தில். மூன்று: குழந்தையை வேறு ஊருக்கு அனுப்பினால் தாயையும் அதே வண்டியில் அனுப்ப வேண்டும். நான்கு: தந்தைக்கும் பாட்டிக்கும் உள்ளே வர உரிமை. ஐந்து: முறைசாராத் தொழிலாளி வீட்டில் குறைமாதக் குழந்தை பிறந்தால், ஆஸ்பத்திரியில் கழியும் நாட்களுக்கு நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி ஈடு. கைத்தறி, பட்டு நெசவாளர்க்கு நல வாரியம் இருக்கிறது. அதன் வழியே கொடுக்கலாம். திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் ஒப்பந்தத்தில் உழைக்கும் பெண்களுக்கு முதலாளி கொடுக்கட்டும்.

கோரிக்கை வைத்துவிட்டுக் கைகட்டி நிற்பது நம் வழக்கமல்ல. கிளைத் தோழர்கள் செய்யக்கூடியதும் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகும், சிறிய குழந்தையை வீட்டிலே மார்பில் சேர்த்து வைப்பது உயிர் காக்கும். அரியானாவில் 8,402 குழந்தைகளைக் கொண்டு நடந்து 2019இல் வெளிவந்த சோதனையில், வீட்டுக்கே வந்து கற்றுக்கொடுத்த ஊழியர்களால் முதல் மாதச் சாவு நூற்றுக்கு முப்பது அளவுக்குக் குறைந்தது. கற்றுக்கொடுக்கக் கிராமச் செவிலியர் இருக்கிறார். இடம் கொடுக்க நம் படிப்பகம் இருக்கிறது. ஒரு மாலை, பெண்களையும் ஆண்களையும் சேர்த்து அழையுங்கள். அந்தத் தெருவில் குறைமாதக் குழந்தை பிறந்தால், அந்த வீட்டுத் தறியில் மறுகரை நாடா வாங்க ஒரு கையை அனுப்புங்கள். அண்டை வீட்டு அடுப்பில் ஒரு பிடி அரிசி கூடப் போடச் சொல்லுங்கள். இதைவிடப் பெரிய பிரச்சாரம் எந்த மேடையிலும் இல்லை.

ஒன்றரைக் கிலோ எடை. இரு கைகளில் அடங்கும் உடல். அதற்குக் கொடி பிடிக்கத் தெரியாது. கோஷம் போடத் தெரியாது. மனு எழுதத் தெரியாது. அதன் சார்பில் பேச வேண்டியவர்கள் நாம். அதற்கு வேண்டியது பெற்றவளின் மார்பும், பேணும் தாதியின் பொழுதும், அவ்விரண்டையும் வாங்கித் தரும் கூலியும். கொடுக்கக் கூடியவை. கொடுக்க வேண்டியவை. கொடுக்கும்வரை கேட்போம்!